பாளையங்கோட்டையில் 12 வி.ஆர். வகுப்பு: ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் போடும் மார்க்

33 வருஷம் விசில் ஊதிச் சோறு தின்றவன் நான். சேரன்மகாதேவிப் பக்கம் இரண்டு பள்ளிக்கூடம், கடைசியில் பாளையங்கோட்டையில் ஒன்று. என் பேரனுக்கோ விசில் சத்தமே ஆகாது. கேட்ட மாத்திரத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துவிடுவான். கண்டக்டர் விசில், போலீஸ் விசில், குக்கர் விசில் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். எங்கள் வீட்டில் பருப்பு வேகவைக்க வேண்டுமென்றால் முதலில் அவனைப் பின்கட்டுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம்தான் அடுப்பு.

பையனுக்கு வயது 11. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளுக்குப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) என்று அலைந்ததில் பேச்சு கொஞ்சம் வந்தது, எழுத்தும் வந்தது. உடம்பு மட்டும் வணங்கவில்லை. ஓட மாட்டான், குனிய மாட்டான். பந்தைத் தூக்கிப் போட்டால் அது நெஞ்சில் பட்டுக் கீழே விழுகிறவரை சும்மா நிற்பான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவன் வீட்டில் இப்படி.

அதனால்தான் என் மகள் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டி, "அப்பா, இங்க பாளையங்கோட்டையிலயே வந்துட்டு. வி.ஆர். மாட்டி விளையாட்டுப் பயிற்சி கொடுக்காங்களாம்" என்றபோது வாயைத் திறக்காமல் இருந்தேன். மனசுக்குள் சிரித்தேன் என்பதையும் மறைக்க வேண்டாம். வி.ஆர். என்றால் விர்ச்சுவல் ரியாலிட்டி, கண்ணில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு அதற்குள் தெரியும் படத்தில் விளையாடுவது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு அறைக்குள் என்ன உடற்பயிற்சி? மைதானம் இல்லாத பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். இங்கே மைதானத்தையே பெட்டிக்குள் போட்டுவிட்டார்களே என்று தோன்றியது.

ஏப்ரல், மே என்று ஆறு வாரத்தில் 12 வகுப்பு முடிந்துவிட்டது. போகலாமா வேண்டாமா என்று இதுவரை மூன்று வீட்டார் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றுவதற்குப் பதில் எழுதிவிடுகிறேன். மையத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நடத்துகிறவர்களுக்கு அது பிழைப்பு.

முருகன்குறிச்சியிலிருந்து உள்ளே போகிற ஒரு தெரு. கீழே ஜெராக்ஸ் கடை, மாடியில் மையம். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்கூடக் கிடையாது. நடையில் தடுமாறுகிற பிள்ளைகள் வரும் இடத்துக்கு இப்படி ஒரு படியா என்று முதல் நாளே எரிச்சல் வந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர்தான், "சார்வாள், பிள்ளையை முன்னால ஏறவிட்டு நீங்க பின்னால போங்க" என்று வழி சொன்னார். மேலே பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. ஏ.சி. உண்டு. தரையில் ரப்பர் பாய், சுவரில் டி.வி. வகுப்புக்கு 600 ரூபாய், 12 வகுப்புக்கும் சேர்த்துக் கட்டினால் 6,600. வகுப்பு 45 நிமிஷம்.

ஹெட்செட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீச்சல் கண்ணாடியை டிபன் பாக்ஸ் அளவுக்கு ஊத வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது. உள்ளே இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம். தலையைத் திருப்பினால் படமும் திரும்பும், நடந்தால் படத்துக்குள்ளேயும் நடப்போம். கைக்கு ஒன்றாக இரண்டு கன்ட்ரோலர். எடை எவ்வளவு என்று கேட்டேன், தெரியவில்லை என்றார்கள். வகுப்பு எடுக்கும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டுப் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அரைக் கிலோ சீனிப் பொட்டலத்தை முகத்தில் கட்டிக்கொண்டு குனிந்து நிமிர்வதாக நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பும் தோலுமான பிள்ளைக்குக் கழுத்து வலிக்கத்தான் செய்யும்.

சேருமுன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். முதலாவது வயது. மெட்டா நிறுவனம் குவெஸ்ட் என்ற தன் வி.ஆர். கருவிகளுக்கு முதலில் 13 வயது என்றுதான் வைத்திருந்தது. 2023-ல், பெற்றோர் கண்காணிக்கும் கணக்கோடு 10 வயது என்று இறக்கியது. சோனியின் பிளேஸ்டேஷன் வி.ஆருக்கு 12. ஆனால் நான் போன மையத்தில் ஆறு வயது இருக்கும் ஒரு பிள்ளைக்கு மாட்டிவிட்டதை என் கண்ணால் பார்த்தேன். சின்னப் பிள்ளைக்கு இரண்டு கண்மணிக்கும் நடுவில் உள்ள தூரம் குறைவு. குவெஸ்ட் 2-ல் லென்ஸை எவ்வளவு நெருக்கினாலும் 58 மில்லிமீட்டருக்குக் கீழே போகாது. அந்தப் பிள்ளை உள்ளே என்னத்தைப் பார்த்ததோ, தெளிவாகப் பார்த்திருக்காது.

இரண்டாவது வலிப்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளைவிட வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். மின்னி மின்னி வரும் வெளிச்சம் சிலருக்கு அதைத் தூண்டிவிடும். கருவி செய்கிறவர்களே அதை எச்சரிக்கையாகப் போடுகிறார்கள். மையத்தில் கொடுத்த படிவத்தில் அப்பா பெயர், ஆதார் எண், பணம் கட்டும் முறை எல்லாம் கேட்டிருந்தது, வலிப்பு உண்டா என்று மட்டும் கேட்கவில்லை. நாங்களாக எங்கள் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தோம். நீங்களும் கேளுங்கள்.

தலையில் எதையும் வைக்கவிடாத பையன் இவன். முடி வெட்டுவதென்றால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். இதை எப்படி மாட்டுவான்? என் மகள் எதையும் தேடிப் படிக்கிறவள். 1996-லேயே அமெரிக்காவில் வட கரோலினாவில் டோரதி ஸ்டிரிக்லாண்ட் என்பவரும் அவருடைய குழுவும், ஆட்டிசம் உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு வி.ஆர். ஹெல்மெட்டை மாட்டி, தெருவில் வரும் காரைப் பார்க்கப் பழக்கியிருக்கிறார்கள், இரண்டு பேரும் மாட்டிக்கொண்டார்கள் என்று சொன்னாள். அந்தக் காலத்துப் பாரத்தையே மாட்டிக்கொண்டார்கள் என்றால் நம் பையனும் பார்ப்பான் என்று எனக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது.

வீட்டில் ஒரு வாரம் பழக்கினோம். நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கி, "மூணு எண்ணுறவரைக்கும்" என்று மாட்டி, மூன்று எண்ணிக் கழற்றிவிட்டேன். மறுநாள் ஐந்து. அப்புறம் பத்து. எண்ணி முடித்ததும் கண்டிப்பாகக் கழற்ற வேண்டும், இன்னும் கொஞ்சம் என்று இழுக்கக் கூடாது. அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றியதால் மையத்தில் முதல் நாள் அவனே, "பத்து" என்று சொல்லிவிட்டு முகத்தை நீட்டினான்.

முதல் வகுப்பு நன்றாகவே போனது. மிஸ் சின்னப் பெண், ஓ.டி. படித்தவள், அவசரப்படாதவள். இரண்டாவது வகுப்பு சனிக்கிழமை. மிஸ் லீவு. வேறொரு பையன் வந்தான். வந்தவன் என்ன ஏது என்று கேட்காமல் நேராக ஒரு ஸ்டேடியத்தைப் போட்டுவிட்டான். சுற்றிலும் ஆயிரம் பேர், கைதட்டல், கூச்சல், நடுவில் விசில். எங்களுக்கு டி.வி.யில் படம் தெரிகிறது, சத்தம் தெரியவில்லை, அது ஹெட்செட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஐந்து விநாடி இருக்கும். என் பேரன் ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தான். லென்ஸ் ஓரத்தில் கீறல். பேரன் மூலையில் உட்கார்ந்து அழுகிறான். அலுவலகத்தில் இருந்தவர், "டேமேஜுக்கு ஏதாவது பாத்துச் செய்யுங்க சார்" என்கிறார். பார்த்துத்தான் செய்தேன். விளையாட்டுச் சாமான் உடைந்ததற்குப் பிள்ளையிடம் காசு கேட்கிற பள்ளிக்கூடத்தில்கூட நான் வேலை பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் கேட்கவில்லை.

அதோடு நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். மகள்தான் புதன்கிழமை மறுபடி கூட்டிப்போனாள், நானும் பின்னாலேயே போனேன். அன்றைக்குப் பார்த்ததுதான் என் சிரிப்பை நிறுத்தியது.

கருவியை மாட்டுமுன் கன்ட்ரோலரால் தரையில் ஓர் எல்லை வரைந்துகொள்வார்கள். உள்ளே இருப்பவனின் கையோ தலையோ அந்த எல்லையை நெருங்கினால் கண்முன் ஒரு கட்டவலை தோன்றும். பின்வாங்கினால் மறையும். சுவரில் முட்டிக்கொள்ளாமலிருக்கச் செய்த ஏற்பாடு. விளையாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அன்றைய விளையாட்டு, மிதந்து வரும் குமிழிகளைக் கையால் தட்டி உடைப்பது. இவன் ஒன்றையும் தொடவில்லை. ஓரடி முன்னால் வைத்தான், வலை வந்தது. ஓரடி பின்னால் வைத்தான், போய்விட்டது. முன்னால், பின்னால். முன்னால், பின்னால்.

"கேமுக்குள்ளயே வரமாட்டேங்கான் சார்" என்றாள் மிஸ்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். 43 தடவை. முன்காலை ஊன்றி, எடையை மாற்றி, பின்காலை எடுத்து, உடம்பு சாயாமல் நிற்கிறான். இந்த அசைவை வாங்கத்தான் வகுப்பு வகுப்பாக நிறுத்தி "ஒன், டூ" என்று கத்தியிருக்கிறேன். "அவன் கேம் அதுதாம்மா, விட்டுருங்க" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் ஒரு காரியம் செய்தாள் பாருங்கள், அதற்காகவே அவளுக்கு மார்க் போடலாம். அடுத்த வகுப்பில் எல்லையைக் கொஞ்சம் தள்ளி வரைந்தாள். இப்போது வலையைப் பார்க்க மூன்றடி எடுத்து வைக்க வேண்டும். வைத்தான். அதற்கடுத்த நாள் வலது பக்கம் மட்டும் தள்ளி வரைந்தாள். பக்கவாட்டில் நடந்தான். பக்கவாட்டு நடை அவன் ஜென்மத்தில் வைக்காதது.

அந்த வலையில் அவனுக்கு என்ன பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வருகிறது. மைதானத்தில் எதுவும் அப்படி வராது. பந்து ஒருநாள் மேலே வரும், ஒருநாள் கீழே வரும். பக்கத்துப் பையன் இடிப்பான், காக்கா கத்தும், வாத்தியார் விசில் ஊதுவார்.

அந்த இடத்தில் எனக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. சேரன்மகாதேவிப் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு பையன் இருந்தான். வரிசையில் நிற்க மாட்டான், விசில் ஊதினால் ஓடிவிடுவான். திமிர் என்று நினைத்து மைதானத்தை நான்கு சுற்று ஓடவிட்டேன், ஒரு நாளில்லை, பல நாள். பெயர் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்தாவது வகுப்பிலிருந்து குனியும் விளையாட்டு. எதிரிலிருந்து ஒரு கட்டை மெதுவாக வரும், அதற்குள் உட்கார்ந்து எழ வேண்டும். ஒரே இடைவெளி, ஒரே உயரம். ஆறு நிமிஷத்தில் 22 தடவை உட்கார்ந்து எழுந்தான். வியர்த்துவிட்டது. வீட்டில் மூன்று வருஷமாகக் கெஞ்சி ஒரு தோப்புக்கரணம்கூட என்னால் வாங்க முடியவில்லை. நான் அன்றைக்கு இறங்கும்போது ஜெராக்ஸ் கடைக்காரருக்கு ஒரு டீ வாங்கிக்கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கணக்கு வேறு இருக்கிறது. 5 வயது முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷம் மூச்சு வாங்க ஆடிப்பாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் அதேதான். இங்கே 45 நிமிஷ வகுப்பில் மாட்டுவது, கழற்றுவது, துடைப்பது போக உடம்பு அசைவது 15 நிமிஷம். அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள். மிச்ச ஐந்து நாளுக்கு யார் பொறுப்பு? வீடுதான்.

அதனால் வீட்டில் செய்து பார்த்தேன். முற்றத்தில் இரண்டு நாற்காலி போட்டு நடுவில் கம்பைக் கட்டினேன். "குனிந்து போ" என்றேன். பேரன் கம்பைப் பார்த்தான், சுற்றிக்கொண்டு போய்விட்டான். மறுநாளும் அதே கதை. அங்கே 22 தடவை குனிகிறவன் இங்கே ஏன் மாட்டேன் என்கிறான்? ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் உறைத்தது. அங்கே இவன் நிற்கிறான், கட்டை வருகிறது. இங்கே கட்டை நிற்கிறது, இவன் போக வேண்டும். அவனுக்கு இரண்டும் வேறு வேறு விளையாட்டு.

மறுநாள் காலையில் என் எட்டு முழ வேட்டியை நீளவாக்கில் மடித்து, ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு மறுமுனையை என் மனைவியிடம் கொடுத்தேன். "இந்த வயசுல எனக்கு ட்ரில்லா?" என்றாள். அவனை நடுமுற்றத்தில் நிறுத்திவிட்டு, வேட்டியை அவன் நெஞ்சு உயரத்தில் பிடித்தபடி இரண்டு பேரும் மெதுவாக அவனைப் பார்த்து நடந்தோம். வேட்டி ஓரடி தூரத்துக்கு வந்ததும் சட்டென்று உட்கார்ந்தான். வேட்டி தலைக்குமேல் போனது, எழுந்தான். திரும்பி எங்களைப் பார்த்து, "ஆச்சி, மறுபடியும்" என்றான். பத்து தடவை நடந்தோம். அவனுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்குத்தான் முட்டு வலி. இப்போது தினமும் காலையில் நடக்கிறது. நான்காவது வாரத்தில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் நின்றுவிட்டோம், அவனே வந்து குனிந்து போனான்.

மையத்தில் இதையெல்லாம் சொல்லித்தருவதில்லை. 'வி.ஆரில் செய்கிறான், சரி, நாளைக்கு மைதானத்தில் எப்படிச் செய்வான்?' என்பதற்கு அவர்களிடம் ஒரு தாளில்கூடத் திட்டம் இல்லை. என் பெரிய குறை இதுதான். கழற்றிய கையோடு பக்கத்திலேயே ஒரு நிஜக் கம்பு, ஒரு நிஜப் பந்து இருக்க வேண்டும். அறையில் ஒரு பந்துகூடக் கிடையாது.

பந்து என்றதும் சொல்ல வேண்டியது நிறைய. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரியில் படித்தவன் நான், 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கியது. பந்து பிடிப்பது எப்படி என்பதற்கே எங்களுக்கு நாள்கணக்கில் வகுப்பு நடந்தது. கையை முன்னால் நீட்ட வேண்டும், முழங்கை மடங்கியிருக்க வேண்டும், பந்து விரலில் பட்ட நொடியில் கை பின்னால் வாங்கி நெஞ்சோடு சேர்க்க வேண்டும். அந்தப் பின்வாங்கல் இல்லையென்றால் பந்து தெறித்துவிடும். வி.ஆரில் பந்துக்குக் கனமே கிடையாது. வரும்போது விரலால் ஒரு பொத்தானை அமுக்கினால் பிடித்ததாகக் கணக்கு, கன்ட்ரோலர் கைக்குள் ஒரு துடிப்புத் துடிக்கும், அவ்வளவுதான். பதினோராவது வகுப்பில் 20-க்கு 18 என்று ரிப்போர்ட் கொடுத்தார்கள், கலரில் கிராஃப் வேறு. வீட்டுக்கு வந்து ரப்பர் பந்தைப் போட்டேன். கட்டைவிரலை அமுக்கிக்கொண்டு நின்றான். பந்து நெஞ்சில் பட்டு விழுந்தது.

சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பந்து என் கையை விட்டதிலிருந்து அவன் நெஞ்சில் படுகிறவரை அவன் கண் பந்தைவிட்டு நகரவில்லை. முன்பெல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பான், பட்டபிறகுதான் பார்வை திரும்பும். பெட்டிக்குள் பந்து ஒன்று மட்டும் பளிச்சென்று வருகிறது, பின்னால் காக்கா இல்லை, ஆள் இல்லை. கண் பழகிவிட்டது. கைக்குத்தான் ஒன்றும் தெரியாது. கைக்கு நான் பலூனில் ஆரம்பித்தேன், மெதுவாக இறங்கும், பயமிருக்காது. பிறகு ஸ்பாஞ்ச் பந்து. இன்றைய தேதிக்குப் பலூனைப் பிடிக்கிறான், ஸ்பாஞ்சைப் பாதிக்குப் பாதி, ரப்பர் பந்து பத்துக்கு ஒன்று.

விளையாட்டுகள் எல்லாம் வெளிநாட்டில் செய்தவை. எதைத் தொட்டாலும் இங்கிலீஷில் ஒரு பாராட்டு, மேலே ஒரு வாணவேடிக்கை. நல்லது செய்தால் வெடி வெடிக்கிறது என்றால் இந்தப் பிள்ளைகள் நல்லதே செய்யாது. மிஸ் சத்தத்தை அடைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று, "எட்டித் தொடு, ஆங், உக்காரு, எந்தி" என்று தானே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் வந்தபிறகுதான் அவன் சரியாக ஆடினான். தமிழில் ஒரு குரலைப் போட்டு விற்க யாருக்கும் தோன்றவில்லை போல.

விசில் கதைக்கு வருவோம். மைதானம் மாதிரி ஒரு காட்சி இருக்கிறது, தூரத்தில் விசில் ஊதும். மிஸ் அதன் சத்தத்தை முழுக்கக் குறைத்து ஆரம்பித்து, வகுப்புக்கு ஒரு கோடு வீதம் ஏற்றினாள். அவனுக்கும் அந்தக் கோட்டைக் காட்டி, வேண்டாமென்றால் "கொறைங்க" என்று சொல்லப் பழக்கினாள். சொன்னால் உடனே குறைத்தாள். பத்தாவது வகுப்பில் பாதிச் சத்தத்துக்கு வந்துவிட்டான். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 2014-ல் இதேபோலப் பயத்துக்குச் செய்த ஒரு சோதனையை மகள் சொன்னாள். ஒன்பது பிள்ளைகள், தலையில் எதையும் மாட்டாமல், சுற்றிச் சுவரெல்லாம் படம் ஓடும் ஓர் அறைக்குள் விட்டு, ஒவ்வொருவரும் பயப்படும் இடத்தைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். எட்டுப் பேர் தேறினார்கள், அதில் நான்கு பேருக்கு அந்தப் பயம் முழுக்கப் போய்விட்டது. மாட்டவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அப்படி ஒரு அறைதான் தோது. வெள்ளைச் சுவரும் ஒரு புரொஜெக்டரும் போதும் என்று மையத்தில் சொல்லியிருக்கிறேன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று தனியாக இடம் செய்வது ஒன்றும் ஊருக்குப் புதிதில்லை. காது கேளாதவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் 1890-களிலேயே பள்ளிக்கூடம் கண்ட ஊர் பாளையங்கோட்டை.

12 வகுப்பும் முடிந்த அடுத்த வாரம், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவனை அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் கூட்டிப்போனேன். வாலிபால் நடந்துகொண்டிருந்தது. விசில் ஊதினார்கள். கை காதுக்குப் போனது. உட்காரவில்லை. நின்றபடியே என்னைப் பார்த்து, "மிஸ், கொறைங்க" என்றான். மறுபடியும் ஊதினார்கள். "மிஸ், கொறைங்க. கொறைங்க." நான் என்னத்தைக் குறைப்பேன்? அவன் கையைப் பிடித்து இருபதடி பின்னால் நடந்தேன். அங்கே நின்று கேட்டோம். "இப்ப கொறஞ்சிருக்கா?" என்றேன். தலையாட்டினான். இன்னும் பத்தடி பின்னால் போனோம். அங்கிருந்து அரை மணி நேரம் ஆட்டம் பார்த்தோம், விசில் ஊதும்போதெல்லாம் ஓரடி முன்னால் வைப்பதும் பின்னால் வைப்பதுமாக இருந்தான்.

சில்லறை விஷயங்கள். மே மாத வெயிலில் கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் டி.வி. ஓடும், ஏ.சி. ஓடாது. கருவியில் பேட்டரி இருப்பதால் அவர்கள் வகுப்பை நிறுத்த மாட்டார்கள். வியர்வையில் லென்ஸ் மூடுபனி போட்டுவிடும், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தலை சுற்றும். நிறுத்தச் சொல்லி எழுந்துவிடுங்கள். கண் 'நகர்கிறோம்' என்று சொல்லி உள்காது 'இல்லை' என்று சொன்னாலே குமட்டல் வரும், இந்தப் பிள்ளைகளுக்கு அதை வாயால் சொல்லத் தெரியாது. இவன் கொட்டாவி விட்டால் நான் கழற்றச் சொல்லிவிடுவேன். பல பிள்ளைகள் மாட்டுகிற சாமான் என்பதால் மெட்ராஸ் ஐ வரும் நாளில் போகாதீர்கள். முகத்தில் படும் இடத்துக்குச் சிலிக்கான் உறை ஒன்று சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். டி.வி.யில் படம் காட்டாமல் பிள்ளைக்கு மட்டும் மாட்டிவிடுகிற இடத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள், உள்ளே என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரிய வேண்டும். கடையில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு விற்கிற, போனைச் சொருகும் கண்ணாடி இதற்கு உதவாது. அதில் தலை திரும்புவது மட்டும்தான் தெரியும், நடந்தால் படம் நடக்காது, குமட்டல்தான் மிச்சம். வீட்டிலேயே நல்ல ஹெட்செட் வாங்கினால் ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் இறங்கினால் உள்ளே இருக்கும் திரை கருகிவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம்.

மார்க் போடச் சொன்னால், மிஸ்ஸுக்குப் பத்துக்கு ஒன்பது. சனிக்கிழமை வந்த பையனுக்கு நான் போடவில்லை, அவனைப் பழக்காமல் உள்ளே விட்டவர்களுக்குத்தான் போட வேண்டும், ஒன்று. கருவிக்கு ஆறு, அதற்குள் இருக்கும் விளையாட்டுகளுக்கு நான்கு. 6,600 ரூபாய் தகுமா என்றால், வீட்டில் வேட்டி பிடிக்க இரண்டு பேர் இருந்தால் தகும். பிள்ளையை விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போய் வருகிறவர்களுக்குத் தகாது. மிஸ் இருக்கும் புதன்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள். அடுத்த 12 வகுப்புக்கு நாங்களும் பெயர் கொடுத்திருக்கிறோம், வகுப்பில் பாதி நேரம் நிஜப் பந்து என்று எழுதி வாங்கிக்கொண்டு.

மாடிப்படிக்கு முட்டைதான். கைப்பிடி வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். வைத்தபிறகு ஏறிப் பார்த்துவிட்டு அதைத் திருத்திக்கொள்கிறேன்.